என்னை எதிர்த்து நானே எழுதிய பேச்சு

போன வாரம் இந்தப் பத்தியில், என் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் ரசத்தைக் குறை சொன்ன கதையை எழுதியதற்கு, மாப்பிள்ளை வீட்டார் மூன்று பேர் போன் செய்து கோபித்துக்கொண்டார்கள். இந்த வாரம் ஒரு சங்கமே கோபித்துக்கொள்ளப் போகிறது. கோபித்துக்கொள்ளட்டும். அந்தக் கோபத்தைக் கடிதமாக எழுதி அனுப்ப வேண்டுமென்றாலும் அவரவர் வீட்டில் மனைவியைத்தான் கேட்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம். ஆரணியில் எங்கள் சங்கத்து மாடிக் கூடம். எங்கள் வீட்டுக்காரர் ஏகாம்பரம் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நான் பின்பக்கம், சாப்பாட்டு அறையின் வாசலில், சட்னிக் கரண்டியோடு நிற்கிறேன்.

“பெண்கள் இந்தச் சங்கத்தில் உறுப்பினர் ஆகிவிட்டால் கூட்டம் குறித்த நேரத்துக்குத் தொடங்கிவிடும். காலங்காலமாக நாம் கட்டிக் காத்த மரபு என்னாவது? இங்கே கைதட்டலுக்காகக் கொஞ்சம் நிற்கவும்” என்று படித்தார்.

கடைசி வாக்கியம் சபைக்கு எழுதியதல்ல. அவருக்காக நான் அடைப்புக்குறிக்குள் எழுதி வைத்தது. அவர் அதையும் சேர்த்து, அதே ஏற்ற இறக்கத்தோடு படித்துவிட்டார். சபை என்ன செய்தது என்கிறீர்கள்? கைதட்டியது. அவரும் கொஞ்சம் நின்றார்.

அந்தப் பேச்சு முழுக்க முழுக்கக் கிண்டலுக்கு எழுதியது என்பது அந்தக் கூடத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒன்று, நான். இன்னொன்று, பக்கத்தில் வடைத் தட்டோடு நின்ற கோமதி. சரிகை வியாபாரி தனபாலின் மனைவி, என் சிநேகிதி.

“யாரும் சிரிக்கவே இல்லியே அக்கா. நெசமாவே தலையாட்டிகினு இருக்காங்க” என்றாள்.

ஆமாம். முன்வரிசையில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு “வாஸ்தவம், வாஸ்தவம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மாடியில் ஓர் உலகம்

எங்கள் வீட்டுக்காரரை மைக்கின் முன்னால் அப்படியே நிற்க வைத்துவிட்டு, சங்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அவருக்கு அங்கே நிற்பது பிடிக்கும். கால் வலிக்காது.

அகிலத் தோழமைச் சங்கம் என்று பெயர். கடலுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு குளிர் ஊரில் தலைமையகம். தேசத்துக்குத் தேசம் கிளைகள். உலக விஷயங்களைப் பற்றி நாலு பேர் நாகரிகமாகக் கூடி விவாதித்தால் சண்டை குறையும் என்று ஒரு காலத்தில் யாரோ நல்லவர்கள் நினைத்து ஆரம்பித்தது. வெள்ளைக்காரர்கள் போகும்போது ஆரணிக் கிளையைப் பட்டு வியாபாரிகள் கையில் விட்டுப் போனார்கள். நூல் கிடங்குக்கு மேல் மாடி. அங்கே மாதம் ஒரு சனிக்கிழமை பொது விவகாரக் கூட்டம் நடக்கும்.

தலைவர் கழுத்தில் பதக்கங்கள் கோத்த ஒரு பித்தளைச் சங்கிலி தொங்கும். ஒவ்வொரு தலைவரும் தன் பங்குக்கு ஒரு பதக்கம் சேர்த்து விட்டுப் போவதால், இப்போதைய தலைவர் முனிரத்தினம் அதைப் போட்டுக்கொண்டு எழுந்திருக்கும்போது யாராவது முழங்கையைத் தாங்க வேண்டும். கோயில் உற்சவருக்குக்கூட இவ்வளவு பாரம் கிடையாது.

தலைப்புகள் தலைமையகத்திலிருந்து வரும். வட துருவத்துப் பனி, பாலைவன நாடுகளின் அமைதி, அகதிகள், அணு ஆயுதம். எங்கள் கிளை எல்லாவற்றுக்கும் தீர்மானம் போட்டிருக்கிறது. ஒரே ஒரு விஷயம் மட்டும் கூடாது. உள்ளூர் விவகாரம் பேசக் கூடாது என்பது கிளை தானாகவே சேர்த்துக்கொண்ட விதி.

ஒரு மழைக் காலத்தில், மாடிப்படிக்கு எதிரே சாக்கடை பொங்கித் தெருவெல்லாம் ஓடியது. புதிதாகச் சேர்ந்த ஒருவர் எழுந்து, இதைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டார். முனிரத்தினம் விதியைக் காட்டி உட்கார வைத்தார். அன்றைய தலைப்பு பெருங்கடல்களின் தூய்மை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அதை நிறைவேற்றியவர்கள் எல்லாரும் வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சாக்கடையைத் தாண்டி வீட்டுக்குப் போனார்கள்.

மூக்கு அரித்த தீர்மானம்

வாக்கெடுப்பு என்று ஒன்று நடக்கும். அதுதான் பார்க்க வேண்டிய காட்சி.

“ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம்” என்றதும் யாரும் தூக்க மாட்டார்கள். எல்லாரும் முனிரத்தினத்தைப் பார்ப்பார்கள். ஊரில் பாதித் தறிகளுக்கு நூல் அவருடைய கிடங்கிலிருந்துதான் போகிறது. அவர் கை மேலே போனால் பின்னாலேயே கூடம் முழுக்கக் கை. அவர் கை மடியிலேயே கிடந்தால் அத்தனை கையும் மடியில்.

ஒருமுறை அணு ஆயுதம் நல்லதா கெட்டதா என்று விவாதம். “நல்லது என்பவர்கள்” என்று கேட்ட நேரம் பார்த்து முனிரத்தினத்துக்கு மூக்கு அரித்துவிட்டது. கையைத் தூக்கிச் சொறிந்தார். கூடமே கை தூக்கியது. அணு ஆயுதத்தை ஆதரித்து ஆரணி தீர்மானம் போட்டுவிட்டது. அதை எப்படித் திருத்துவது என்று யாருக்கும் தெரியாததால் அப்படியே அனுப்பியும் விட்டார்கள். நல்லவேளை, உலகம் எங்கள் பேச்சைக் கேட்பதில்லை.

யார் எந்தப் பக்கம் பேசுவது என்பதற்குக் குலுக்கல் உண்டு. பேசுகிறவர் தன் சொந்த அபிப்பிராயத்தைப் பேசக் கூடாது, விழுந்த பக்கத்தைப் பேச வேண்டும், அப்போதுதான் அடுத்தவர் நியாயமும் புரியும் என்பது தலைமையகத்தின் கொள்கை. அழகான கொள்கைதான். மற்ற ஊர்களில் நாணயம் சுண்டுவார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு அது போதுமா? ஒரு துணிப்பைக்குள் சரிகைக் கண்டு ஒன்று, பட்டு நூல் கண்டு ஒன்று போட்டுவிடுவார்கள். கையை விட்டு எடுக்க வேண்டும். சரிகை வந்தால் ஆதரவு, பட்டு வந்தால் எதிர்ப்பு. இந்த ஏற்பாட்டைப் பார்த்துவிட்டுத் தலைமையகமே பாராட்டி எழுதியதாம், உள்ளூர் கலாசாரத்தோடு ஒட்டியிருக்கிறது என்று.

பட்டையும் சரிகையையும் தொட்டுப் பார்த்தே பிரிக்கத் தெரியாதவன் ஆரணியில் கடை வைக்க முடியாது. பைக்குள் கை போன நொடியில் எது எதுவென்று விரலுக்குத் தெரிந்துவிடும். அவரவருக்குப் பிடித்த பக்கத்தை அவரவர் எடுத்துக்கொண்டு, “எனக்கு இதுதாங்க விழுந்துச்சு” என்று சொல்வார்கள். எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்வதில்லை.

பேனா பிடித்த கை

பேச்சு எழுதுவது யார் என்றும் எல்லாருக்கும் தெரியும். அதையும் யாரும் சொல்வதில்லை.

நான் வந்தவாசிப் பெண். கல்லூரியில் பேச்சுப் போட்டி என்றால் என் பெயரைத்தான் முதலில் எழுதுவார்கள். மேடையில் ஏறி முதல் வாக்கியத்தைச் சொன்னதும் கூடம் அப்படியே அடங்குமே, அந்த அமைதிக்கு ஈடாக எந்த நகையும் எனக்குப் பிடித்ததில்லை. கல்யாணம் ஆகி ஆரணிக்கு வந்தபின் எங்கள் பட்டுப் புடவைக் கடையில் அந்த வாய்க்குக் கிடைத்த வேலை, “உள்ள வாங்கம்மா, இன்னா கலர் பாக்கறீங்க” என்பது. அதையும் நன்றாகத்தான் சொன்னேன். வியாபாரம் கூடியது.

எங்கள் வீட்டுக்காரர் சங்கத்தில் சேர்ந்த புதிதில் ஒரு நாள், “சுலோ, நீதான் படிச்சவளாச்சே. அமைதியப் பத்தி நாலு வரி ஜல்தியா எழுதிக் குடேன்” என்றார். எழுதிக் கொடுத்தேன். அன்றிலிருந்து உலக அமைதி என் பொறுப்பாகிவிட்டது. இட்லிக்கு ஊறப்போட்டுவிட்டு அகதிகளைப் பற்றி எழுதுவேன். அவர் ஒரு தடவைகூட முன்கூட்டிப் படித்துப் பார்க்க மாட்டார். மேடையில் ஏறித்தான் முதல் தடவை படிப்பார். “அப்பதான் ஃப்ரெஷ்ஷா இருக்கும்” என்பார். நிறுத்த வேண்டிய இடத்தில் ஓடுவார், ஓட வேண்டிய இடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடிப்பார். நான் சாப்பாட்டு அறையில் நின்று என் வாக்கியங்கள் கை கால் ஒடிந்து போவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

வெளிநாட்டுப் பிரதிநிதிகள் யாராவது வந்தால் மட்டும் என்னைக் கூடத்துக்குள் கூப்பிடுவார்கள், மொழிபெயர்க்க. அப்படி ஒரு தம்பதியை ஆரணிப் பக்கத்துச் சமண மலையான திருமலைக்குக் கூட்டிப் போனோம். மலையில் அந்தப் பெரிய சமணச் சிலைக்குக் கீழே நின்று, எல்லா உயிர்களிடத்தும் அன்பு என்று முனிரத்தினம் பேசினார். எழுதியது யார் என்று திரும்பவும் சொல்ல வேண்டாம். பேசி முடித்துத் தம்பதிக்குப் பட்டுச் சால்வை போர்த்தினார். அந்த அம்மாள் தடவிப் பார்த்து மகிழ்ந்து, இந்த நூலை எப்படி எடுக்கிறீர்கள் என்று கேட்டார்.

“சொல்லும்மா, விளக்கமா சொல்லு” என்றார் முனிரத்தினம் பெருமையாக.

விளக்கமாகவே சொன்னேன். கூட்டுக்குள் புழு இருக்கும்போதே கொதிக்கிற தண்ணீரில் போடுவார்கள் என்றேன். அந்த அம்மாள் சால்வையை மெல்ல எடுத்து மடித்துக் கணவர் கையில் கொடுத்தார்.

அந்த அம்மாள் காரில் ஏறும் முன் என்னைக் கேட்டார், நீங்கள் எவ்வளவு காலமாக உறுப்பினர் என்று. நான் உறுப்பினர் இல்லை, உறுப்பினரின் மனைவி, குடும்ப அங்கம் என்றேன். அவருக்குப் புரியவில்லை. சொன்ன எனக்கும் அப்போதுதான் உறைத்தது. திரும்பி வந்ததும் உறுப்பினராகச் சேர விண்ணப்பம் போட்டேன். பதில் வந்தது: பரிசீலனையில் உள்ளது. வருஷங்கள் ஓடின. பெண் பெற்றுக் கட்டிக் கொடுத்து, பேத்தியும் பிறந்தாள். விண்ணப்பம் மட்டும் இன்னும் பரிசீலனையில்தான் இருந்தது.

பெரிய ஆசை ஒன்றும் இல்லை. நான் எழுதியதை, நான் எழுதிய இடத்தில் நிறுத்தி, என் வாயால் ஒரு தடவை அந்தக் கூடத்தில் பேச வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அது இல்லாமல் செத்துப்போக எனக்கு இஷ்டமில்லை.

அவருக்கு விழுந்த பக்கம்

கடைசியில் தலைமையகத்துக்கே வெட்கமாகிவிட்டது. மற்ற கிளைகளில் பெண்கள் தலைவராகவே இருந்து முடித்துவிட்டார்கள். ஆரணி மட்டும் பரிசீலித்துக்கொண்டிருந்தது. அடுத்த பொது விவகாரக் கூட்டத்தில் இதையே தலைப்பாக வைத்து, விவாதித்து, வாக்கெடுத்து முடிவு சொல்லுங்கள் என்று எழுதிவிட்டார்கள்.

குலுக்கல் முடிந்து எங்கள் வீட்டுக்காரர் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே முகம் ஒரு மாதிரி இருந்தது.

“எனக்கு எதிர்ப்புதான் விழுந்துச்சு, சுலோ.”

“இன்னா எதிர்ப்பு?”

“பொம்பளைங்க சேரக் கூடாதுன்னு பேசணும். நான் இன்னா பண்றது, பையில கைய வுட்டேன், பட்டு வந்துது.”

நான் அவர் விரல்களைப் பார்த்தேன். கண்ணைக் கட்டி விட்டாலும் பட்டில் கலப்பு இருக்கிறதா என்று சொல்லக்கூடிய விரல்கள். அதற்காகத்தான் பெங்களூரிலிருந்து ஆள் தேடி வருவார்கள். அந்த விரலுக்குச் சரிகை தெரியாமல் போய்விட்டதாம்.

“பேச்சுதான் எதிர்ப்பு. ஓட்டு உனக்குத்தான். அதுக்குக் குலுக்கல் இல்லியே” என்றார் சமாதானமாக. “நல்லா எழுதிக் குடு. அன்னிக்கு எல்லாரும் வருவாங்க.”

எழுதிக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மறுநாளே கோமதி வந்து நின்றாள். தனபாலுக்கு ஆதரவு. “அவருக்கு ஆதரவுலாம் இல்லக்கா. யாராச்சும் ஒருத்தர் பேசணுமேன்னு புடிச்சித் தள்ளிட்டாங்க. நீங்களே எழுதிக் குடுத்துடுங்களேன்” என்றாள். ஆக விவாதத்தின் இரண்டு பக்கமும் என் மேஜைக்கு வந்து சேர்ந்தது.

தனபாலின் பேச்சை என் உயிரைக் கொடுத்து எழுதினேன். நாலு பக்கம். கல்லூரி மேடைக்குப் பிறகு அப்படி நான் எழுதியதில்லை. எங்கள் வீட்டுக்காரருக்கு எழுதும்போது ஒரு யோசனை வந்தது. எதிர்ப்பை எவ்வளவு அசட்டுத்தனமாக எழுத முடியுமோ அவ்வளவு அசட்டுத்தனமாக எழுதினேன். சபை விழுந்து விழுந்து சிரிக்கும், அந்தச் சிரிப்பே எதிர்ப்பை அடித்துக்கொண்டு போய்விடும். விரலுக்குச் சரிகை தெரியாத மனிதர் கொஞ்சம் அசிங்கப்பட்டால்தான் என்ன?

சபையைப் பற்றி இத்தனை வருஷம் பார்த்தும் எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அவர்கள் மனத்தில் இருந்ததைத்தான் நான் எழுதியிருக்கிறேன் என்பது.

மறுபடி கூடத்துக்கு

அவர் இன்னும் மைக்கின் முன்னால்தான் நிற்கிறார். வாருங்கள்.

“பெண்கள் வந்தால் தலைமையகத்தின் சுற்றறிக்கைகளைப் படித்துப் பார்ப்பார்கள். பிறகு நாம் அதற்குப் பதில் எழுத வேண்டி வரும்” என்றார். “கரெக்ட்டு” என்றது ஒரு குரல்.

“தலைவரின் சங்கிலி ஓர் ஆணின் மார்பகலத்துக்குச் செய்தது. ஏற்கெனவே தாலியும் சங்கிலியும் அணிந்த கழுத்தில் அதற்கு இடமேது?” முனிரத்தினம் சங்கிலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“உலக அமைதி கனமானது. பெண்களால் தூக்க முடியாது. இதுவரை அவர்கள் தூக்கியதெல்லாம் குடமும் குழந்தையும்தான்.” ஒருவர் நீர் கோத்த கண்ணைத் துடைத்தார்.

“எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்கள் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டால் வடை யார் சுடுவது?”

கூடம் இடிந்து விழுகிற மாதிரி கைதட்டல். எங்கள் வீட்டுக்காரருக்கு வாழ்நாளில் கிடைத்திராத கைதட்டல். அவர் வியர்த்துப்போய், இவ்வளவு நன்றாகவா பேசுகிறோம் என்கிற ஆச்சரியத்தோடு என்னைத் தேடி ஒரு பார்வை பார்த்தார். அன்றைக்கு வாங்கிய சிறந்த பேச்சாளர் கோப்பை இன்றும் எங்கள் கடை ஷோகேஸில் இருக்கிறது. கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்கள் கேட்டால், சமூக சேவைக்குக் கொடுத்தது என்று சொல்கிறார்.

அடுத்து தனபால். முதல் பக்கத்தைப் படித்தார். அவருக்கே நம்பிக்கை இல்லாத விஷயம், சீக்கிரம் முடித்தால் போதும். இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டினார். அதையும் கவனிக்காமல் கடைசிப் பக்கத்துக்குப் போய் “நன்றி, வணக்கம்” என்றார். நான் உயிரைக் கொடுத்து எழுதிய நடுப்பக்கங்கள் யார் காதிலும் விழவில்லை. கோமதி வடைத் தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

“பெண்களைச் சேர்க்க வேண்டாம் என்பவர்கள்” என்று செயலாளர் கேட்டார்.

நான் முனிரத்தினத்தைப் பார்க்கவில்லை. ஒரே ஒருவரைத்தான் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு முனிரத்தினம் பக்கம் திரும்பினார். முனிரத்தினத்தின் கை மேலே போனது. எங்கள் வீட்டுக்காரரின் கையும் போனது.

வலித்தது. மழுப்பி எழுத எனக்குத் தெரியவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் என் வார்த்தையை வைத்தே அந்தக் கூடத்தில் மரியாதை வாங்கிய கை அது.

கரண்டியைக் கோமதியிடம் கொடுத்துவிட்டு நடந்தேன். நாற்காலி வரிசைகளுக்கு நடுவே நடந்துபோய் மைக்கின் முன்னால் நின்றேன். முனிரத்தினம் சிரித்த முகமாக, “இன்னாம்மா, டிபன் ரெடியா?” என்று கேட்டார்.

“ரெடிங்க. கொஞ்சம் ஆறட்டும்” என்றேன். பிறகு சபையைப் பார்த்துச் சொன்னேன். “என் பேரு சுலோசனா. ஏகாம்பரம் சார் பேசின பேச்சு நான் எழுதினது. கிண்டலுக்கு எழுதினேன். நீங்க கை தட்டிட்டீங்க. தனபால் சார் பேச்சும் நான் எழுதினதுதான். அதுல ரெண்டு பக்கம் உட்டுட்டாரு. அத இப்ப நான் பேசறேன்.”

ஒருவர் சிரித்தார். நிகழ்ச்சியில் இதுவும் ஒன்று என்று நினைத்து இரண்டு பேர் கைதட்டினார்கள். பிறகு அதுவும் நின்றது.

“சுலோ, பேஜார் பண்ணாத, வா” என்றார் எங்கள் வீட்டுக்காரர், முதல் வரிசையிலிருந்து, தாழ்ந்த குரலில்.

“நீங்க உக்காருங்க. எங்க கைதட்டணும்னு நானே சொல்றேன்” என்றேன்.

தாள் வேண்டியிருக்கவில்லை. இரண்டு பக்கமும் மனத்தில் இருந்தது. முதல் வாக்கியத்தைச் சொன்னேன். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினேன். கூடம் அடங்கியது. வந்தவாசியில் அடங்கிய மாதிரியே. குரல் நடுங்கவில்லை. சாப்பாட்டு அறையிலிருந்து கோமதியும் மற்ற பெண்களும் வெளியே வந்து, காலியாக இருந்த பின்வரிசை நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள்.

முனிரத்தினம் மேஜை மணியை அடித்தார். “டைம் ஆயிடுச்சும்மா. மணி அடிச்சா உக்காந்துடணும். அதான் ரூலு.”

“அந்த ரூல் மெம்பருங்களுக்குங்க” என்றேன். “நான் மெம்பர் இல்லன்னு இப்பதான எல்லாரும் கை தூக்கினீங்க.”

அவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். உறுப்பினர் அல்லாதவரை எப்படி உட்கார வைப்பது என்று அதில் ஒரு வரியும் இல்லை.

நான் மூன்றாம் பக்கத்துக்குப் போனேன்.